பூஸ்டரில் வைத்த சந்தனப் பொட்டு

கணேசமூர்த்தி மெக்கானிக் இல்லை. பட்டறைக்குள் நுழைகிற எவரிடமும் அவர் முதலில் சொல்வது அதுதான். "ஓடுறதுக்குன்னா வேற ஆளப் பாருங்க. பாக்குறதுக்குன்னா எங்கிட்ட வாங்க."

லிந்துலையில் மெயின் ரோட்டிலிருந்து இருபது அடி உள்ளே தள்ளி, தகரம் அடித்த பட்டறை. வாகனத்தின் பொனட்டைத் திறந்தால் கண்ணில் படுகிற சாமான்களைக் கழற்றி, புதுசு மாதிரி ஆக்கித் திரும்ப மாட்டிக் கொடுப்பது அவர் தொழில். எஞ்சின் தலையை மூடியிருக்கிற அலுமினியக் கவரைத் துணிச்சக்கரத்தில் பிடித்தால், அதில் பார்த்துத் தலை சீவலாம். துருவேறிய போல்ட், நட்டு, தகடு எல்லாவற்றையும் அசிட்டில் கழுவி, துத்தநாகக் கரைசலில் கம்பி கட்டித் தொங்கவிட்டு, கரன்ட் கொடுத்து வெள்ளி போல எடுப்பார். கறுப்பாக இருக்க வேண்டியதைக் கறுப்பாக்குவார், அதுவும் மூன்று கை ஸ்ப்ரே, ஒவ்வொரு கைக்கும் நடுவில் வோட்டர் பேப்பரால் தேய்த்து. ஹட்டன், நுவரெலியா பக்கத்தில் பொனட்டுக்குள்ளே இப்படி வேலை செய்கிற ஆள் வேறு கிடையாது. மெக்கானிக்மாரைப் போலவே அவரையும் எல்லாரும் பாஸ் என்றுதான் கூப்பிட்டார்கள்.

பிறந்தது அக்கரப்பத்தனைக்கு மேலே, கல்லுமலைத் தேயிலைத் தோட்டத்தின் மேல் பிரிவான மேல்கணக்கில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தில். இப்போதும் குடியிருப்பது அங்கேதான். பதினெட்டு வயதில் கொழும்புக்குப் போனார். பஞ்சிகாவத்தையில் பழைய எஞ்சின்களைக் கழுவுகிற வேலை. கழுவக் கழுவ, அழுக்குக்குக் கீழே இருக்கிற உலோகத்தின்மேல் அவருக்கு ஒரு ஆசை விழுந்துவிட்டது. பதினொரு வருஷம் அங்கே பழகிய கையோடு, கொரோனா வருஷத்தில் ஊருக்குத் திரும்பினார். வெளிநாட்டிலிருந்து வாகனம் இறங்குவது நின்றுபோன நேரம் அது. பழசெல்லாம் தங்கமாகிவிட்டது. விற்கிறவர்களுக்கெல்லாம் பழசைப் புதுசாகக் காட்ட வேண்டியிருந்தது. அப்படித்தான் தலவாக்கலை பிரதாப்பின் பழக்கம் வந்தது.

பிரதாப் வாகனம் வாங்கி விற்கிற புரோக்கர். மாதம் இரண்டு வாகனமாவது மூர்த்தியிடம் கொண்டுவருவான். போன சித்திரை வருஷப் பிறப்புக்கு இரண்டு வாரம் இருக்கையில் ஒரு நீட்டு ஜீப்பைக் கொண்டுவந்து நிறுத்தினான். பின்னால் இரண்டு பக்கமும் பெஞ்சு, மேலே தார்ப்பாய்.

மூர்த்தி பொனட்டைத் தூக்கினார். எல்லாம் வழக்கமான அழுக்கு. ஆனால் டிரைவர் பக்கத்தில், பூஸ்டரில், ஒரு இடத்தில் கண் நின்றது.

பூஸ்டர் என்பது பிரேக் மிதிக்குப் பலம் கொடுக்கிற, கவிழ்த்த சட்டி மாதிரியான கறுப்புத் தகரப் பெட்டி. அதற்கு மூக்கு வைத்தது போல முன்னால் பொருத்தியிருப்பதுதான் மாஸ்டர் பம்ப். பிரேக் ஒயில் அதற்குள் இருந்துதான் நாலு சக்கரத்துக்கும் போகிறது. அந்த மூக்குக்கு நேர் கீழே, நாக்கு நீட்டின மாதிரி ஒரு வடிவத்துக்குப் பெயின்ட் உரிந்து தகரம் தெரிந்தது. மூர்த்தி விரலை வைத்தார். வழுக்கியது.

பெயின்ட் வேலைக்காரனுக்கு எதிரி என்று ஒன்று உண்டென்றால் அது பிரேக் ஒயில்தான். பட்ட இடத்தில் பெயின்டைத் தின்றுவிடும். அதனால், மெக்கானிக்குத் தெரிகிறதோ இல்லையோ, பம்ப் உள்ளுக்குள் ஒழுகுகிறது என்பது மூர்த்திக்கு அந்த நாக்கைப் பார்த்தவுடன் தெரிந்துவிட்டது.

"பிரதாப், மாஸ்டர் பம்பு ஒழுகுது போல."

"எங்க பாஸ்? ஒரு சொட்டு கீழ இல்லயே."

"தொட்டா வழுக்குது. பெயின்ட்ட தின்னுருக்கு பாருங்க."

பிரதாப் குனிந்து பார்க்கக்கூட இல்லை. சிகரெட்டைப் பற்றவைத்துக்கொண்டு சிரித்தான். "என்னா பாஸ், திடீர்னு மெக்கானிக் ஆயிட்டீங்க? வாங்குறவன் சும்மாவா வாங்குவான். ஆள் கூட்டிட்டு வந்து பாப்பான். அது அவங்க பாடு. நீங்க மினுக்குங்க."

அவர் மினுக்கினார். எண்ணெய்ப் பசை போகத் தின்னர் வைத்துத் துடைத்து, உரிந்த ஓரத்தைத் தேய்த்துச் சமமாக்கி, அடிப்பூச்சு கொடுத்து, மேலே மூன்று கை கறுப்பு. பம்பின்மேல் இருந்த ஒயில் குப்பி மஞ்சள் பூத்துக் கிடந்தது. அதையும் கழுவி, உள்ளே இருக்கிற மட்டம் தெரிகிறாற்போல் ஆக்கி, நிரப்பியும் வைத்தார். அந்த ஜீப்பிலேயே ஆக நன்றாக வந்த இடம் அந்தப் பூஸ்டர்தான்.

வேலை நடக்கும்போதே அவருக்கு ஒன்று தெரியும். வாங்க வருகிறவன் கூட்டிவருகிற மெக்கானிக், விஷயம் தெரிந்தவனாக இருந்தால், முதலில் தேடுவது அந்த நாக்கைத்தான். அதைத்தான் அவர் தேய்த்து எடுத்துக்கொண்டிருந்தார். தெரிந்தும் கை நிற்கவில்லை. இந்த ஜீப் எங்கேயோ போகப்போகிறது, பதுளையோ மாத்தளையோ, யாரோ வாங்கப்போகிறான், பம்பை மாற்றிக்கொள்வான் என்று நினைத்தார். யாரோ என்று நினைத்தது உதவியாக இருந்தது.

வருஷம் பிறந்து அடுத்த ஞாயிற்றுக்கிழமை, மேல்கணக்கு மாரியம்மன் கோயில் முன்னால் அந்த ஜீப் மாலை போட்டு நின்றது.

வாங்கியிருந்தது ஆண்டியப்பன். லயத்து வரிசையில் மூர்த்தியின் காம்பராவிலிருந்து மூன்று வீடு தள்ளி இருப்பவர். இருபத்தெட்டு வருஷம் தோட்டத்து டிரெக்டர் ஓட்டிவிட்டு ஓய்வு பெற்றவர். கையில் வந்த சேமலாப நிதியை வைத்து ஜீப் வாங்கிவிட்டார். மேல்கணக்கிலிருந்து அக்கரப்பத்தனைப் பள்ளிக்கூடத்துக்கு நாலு கிலோமீட்டர், முழுக்க இறக்கம், வளைந்து திரும்புகிற ஏழு முடக்கு. மழையில் நனைந்துகொண்டு பிள்ளைகள் நடந்துதான் போய்வந்தன. இனிமேல் பதினாலு பிள்ளை ஜீப்பில் போகும்.

மூர்த்திக்கு ஜீப்பின் பின்பக்கத்தைப் பார்த்ததுமே அடையாளம் தெரிந்துவிட்டது. திரும்பிப் போய்விடலாம் என்று பார்த்தார். அதற்குள் ஆண்டியப்பன் கையைப் பிடித்துவிட்டார்.

"எங்க மாப்ள நழுவுறீங்க? இது நீங்க கை வச்ச வண்டியாமுல்ல. பிரதாப்பு சொன்னான். சொன்னதும் நான் பேரம்கூட பேசல."

"யாரையாச்சும் கூட்டிட்டுப் போய்க் காட்டுனீங்களா, மாமா?"

"காட்டாம? ஹட்டன்லருந்து ஒரு பாஸக் கூட்டிட்டுத்தான் போனேன். பொனட்டத் தெறந்தான், ஒரு தடவ பாத்தான், மூடிட்டான். மேல இப்பிடி வச்சிருக்கவன் உள்ளயும் இப்பிடித்தான் வச்சிருப்பான், கண்ண மூடிக்கிட்டு வாங்குங்கன்னான்."

பூசாரி நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார். ஸ்டியரிங்கில் சந்தனம் குங்குமம் வைத்தார். பிறகு ஆண்டியப்பன் பொனட்டைத் திறந்தார். கூடியிருந்தவர்கள் ஓ என்று முன்னால் வந்தார்கள். வெயில் பட்டு எஞ்சின் கண்ணைக் கூசவைத்தது.

"ஏய், என் வீட்டுக் குத்துவிளக்கு இப்பிடி இல்லயே," என்றாள் ஒருத்தி.

"நீ வெளக்குனாத்தானே," என்றான் அவள் புருஷன்.

ஆண்டியப்பனின் மனைவி லெட்சுமி சேலை நுனியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். "அந்த உருண்டையப் பாருங்க, கறுப்பா, மூக்கெல்லாம் வச்சு. அம்மன் மொகம் மாதிரியே இருக்கு. பூசாரி, அதுக்கு ஒரு பொட்டு வைங்க."

பூசாரி பூஸ்டரின் நெற்றியில், பம்புக்கு மேலே, ஒரு ரூபாய்க் காசு அளவுக்குச் சந்தனத்தைத் தடவி நடுவில் குங்குமம் வைத்தார். தேங்காய் உடைத்தார்கள். முதல் மூடியை ஆண்டியப்பன் மூர்த்தியின் கையில் கொடுத்தார். "ஒங்களுக்குத்தான். மத்தவங்களுக்கெல்லாம் அப்பறம்."

மூர்த்தி வாங்கிக்கொண்டார். அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். சொல்ல வாயும் எடுத்தார். சுற்றி நின்றது முழு லயம். சொன்னால் என்ன கேட்பார்கள் என்பதை அவர் தனக்குள்ளே கேட்டுப் பார்த்தார்: தெரிஞ்சேவா பூசுனீங்க? அந்த ஒரு கேள்விக்குப் பயந்து, தேங்காய் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில், துணிகள், மெழுகு டப்பா எல்லாம் ஒரு பையில் போட்டுக்கொண்டு மூர்த்தி ஆண்டியப்பன் வீட்டு வாசலுக்குப் போனார். "சும்மாதான் மாமா. நம்ம கை வச்ச வண்டி. வாரம் ஒரு தடவ தொடச்சு விட்டா அப்பிடியே நிக்கும்."

ஆண்டியப்பனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அவர் உள்ளே போன சமயம் பார்த்து, துணிக்கு அடியிலிருந்து பிரேக் ஒயில் போத்தலை எடுத்து, குப்பியில் குறைந்திருந்த ஒரு விரல் மட்டத்தை மூர்த்தி நிரப்பினார். அவசரத்தில் ஒரு சொட்டு சிந்தியது. உடனே துடைத்தார். அப்போதைக்கு மனசு கொஞ்சம் லேசானது. ஒயில் இருக்கிறவரைக்கும் பிரேக் பிடிக்கும். இந்த வாரத்துக்குப் போதும். அடுத்த வாரம் எப்படியாவது சொல்லிவிடலாம்.

லெட்சுமி தேத்தண்ணியும் சூடான ரொட்டியும் கொண்டுவந்து வைத்தாள். "இந்தக் காலத்துல யாரு மருமகனே ஒரு வேலய முடிச்சுக் குடுத்துட்டுத் திரும்பிப் பாக்குறாங்க?"

ரொட்டியைப் பிய்த்து வாயில் போட்டார். தேத்தண்ணியை ஊற்றி இறக்கினார்.

இப்படி ஞாயிற்றுக்கிழமைகள் போயின. ஒரு விரல் குறைந்தது ஒன்றரை விரல் ஆனது. லயத்தில் மூர்த்தியின் பேர் ஏறிக்கொண்டே போனது. கொழுந்து பறிக்கப் போகிற பெண்கள் வழியில் பார்த்தால், "எங்க வீட்டுக்காரரையும் ஒரு தடவ மினுக்கி விடுங்க பாஸ், துரு ஏறிக் கெடக்காரு," என்று சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார்.

ஒருநாள் பேச்சோடு பேச்சாக ஆண்டியப்பன் சொன்னார்: "ஒரு மிதிக்கு நிக்க மாட்டேங்குது மாப்ள, ரெண்டு மிதி மிதிக்கணும். ஆனா நம்ம டிரெக்டரும் அப்பிடித்தான். இருபத்தெட்டு வருஷமா ரெண்டு மிதிதான். கால் பழகிப்போச்சு."

மூர்த்தி கவரைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தார். ஒரு மிதிக்கு நிற்காவிட்டால் பிரேக் குழாயில் காற்றோ ஒழுகலோ இருக்கிறது என்று வேறு எவருக்கும் தோன்றியிருக்கும். தோட்டத்துப் பழைய டிரெக்டரிலேயே வாழ்க்கையை ஓட்டிய ஆளுக்கு அதுதான் பிரேக்கின் இயல்பு.

மூர்த்தி செய்த இன்னொன்று உண்டு. அதைத்தான் அவரால் கடைசிவரை தனக்கே ஒப்புக்கொள்ள முடியவில்லை. மகள் கிருஷாந்தி நாலாம் வகுப்பு. அதே பள்ளிக்கூடம். அவளை ஜீப்பில் ஏற்றவில்லை. தினமும் தன் பைக்கில்தான் கொண்டுபோய் விட்டார். பின்னேரம் பெரியம்மா மகளோடு பின்வழியாக நடந்து வருவாள்.

மனைவி ஷாமிலாவுக்கு அது புரியவில்லை. "பதினாலு புள்ள பாட்டுப் பாடிக்கிட்டுப் போகுது. இவ மட்டும் மழக்கோட்டப் போட்டுக்கிட்டு ஒங்க முதுகப் பாத்துக்கிட்டுப் போறா. என்னாங்க இது?"

"நான் லிந்துலைக்குப் போற வழிதானே."

"வழிதான். ஆனா அவ அழுவுறா."

"பழகிருவா."

ஷாமிலா சட்டியைக் கழுவப் போய்விட்டாள்.

வைகாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மூர்த்தி போனபோது பொனட் ஏற்கெனவே திறந்திருந்தது. ஆண்டியப்பனும் லெட்சுமியும் பக்கத்தில் நின்றார்கள், ஏதோ உடைத்துவிட்ட பிள்ளைகள் மாதிரி.

"மாப்ள, கோவிச்சுக்காதீங்க," என்றார் ஆண்டியப்பன். "ஒங்க வேலயக் கெடுத்துட்டோம்."

பூஸ்டரில் பம்புக்குக் கீழே பெயின்ட் கொப்புளித்துச் சுருங்கியிருந்தது. ஒரு தோல் விலகித் தகரம் எட்டிப் பார்த்தது. மேலே வெள்ளிக்கிழமை வைத்த சந்தனப் பொட்டு. அதிலிருந்து ஒரு கோடு வடிந்து, உரிந்த இடம்வரைக்கும் காய்ந்து கிடந்தது.

"இவதான் வெள்ளிக்கு வெள்ளி பொட்டு வைக்கிறா. சந்தனம் வடிஞ்சு பெயின்ட்டத் தின்னுருச்சு."

"கடச் சந்தனம்," என்றாள் லெட்சுமி. "என்னாத்தக் கலக்குறானுகளோ. நான் வைக்காம இருந்திருக்கலாம். நல்லா இருந்த பொருள." அவள் குரல் இறங்கிவிட்டது. சாமிக்கு வைத்தது ஒரு பொருளைக் கெடுத்துவிட்டதே என்பது அவளுக்குப் பெரிய சங்கடமாக இருந்தது.

இரண்டு பேரும் அவர் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். உண்மையைச் சொல்ல இவ்வளவு நல்ல வழி அவருக்கு இதுவரை வந்ததில்லை. இல்லை அத்தை, சந்தனம் இல்லை என்று ஆரம்பித்தால் போதும், மீதி தானாக வந்துவிடும்.

"ஆமா அத்த," என்றார் மூர்த்தி. "சந்தனம் ஆகாதுதான். இனிமே அதுல வைக்காதீங்க."

பின்னேரம் பட்டறையிலிருந்து ஸ்ப்ரே எடுத்துவந்து, தேய்த்து, இரண்டாம் தடவையாக அதே இடத்தை மூடினார். லெட்சுமி பழைய துணியை நனைத்து, தான் வைத்த பொட்டைத் தானே துடைத்தெடுத்தாள். முதல் தடவை பூசியதற்குப் பிரதாப்பைச் சொல்லலாம். இதற்கு யாரைச் சொல்வது?

இரண்டு வாரம் கழித்து, கினிகத்தேனையில் ஒரு கடை முதலாளி கூப்பிட்டார். மகன் கல்யாணத்துக்குத் தாத்தா காலத்துக் காரை எடுக்கப்போகிறார்கள், எஞ்சின் பக்கம் முழுக்க மினுங்க வேண்டும், காரை அங்கே கொண்டுவர முடியாது, நீங்கள்தான் வர வேண்டும், இரண்டு நாள் தங்கிச் செய்யுங்கள் என்றார். செவ்வாயும் புதனும். ஞாயிற்றுக்கிழமை மூர்த்தி ஜீப்பின் குப்பியைத் தொண்டைவரைக்கும் நிரப்பினார். ஷாமிலாவிடம், "ரெண்டு நாளக்கி நீயே புள்ளயக் கூட்டிட்டு நடந்து போ," என்று சொல்லிவிட்டு, செவ்வாய் விடியற்காலை பஸ் ஏறினார்.

செவ்வாய் தாண்டியது. புதன் காலை ஆறே முக்காலுக்கு, கினிகத்தேனையில் கடைக்குப் பின்னால் காரின் பொனட்டைத் திறந்துவைத்துக்கொண்டு நிற்கும்போது போன் அடித்தது.

"ஏங்க, இங்க மழ கொட்டுது," என்றாள் ஷாமிலா. பின்னால் தார்ப்பாயில் மழை விழுகிற சத்தமும் பிள்ளைகளின் சத்தமும் கேட்டன. "கொட பிடிக்க முடியல. மாமா கூப்பிட்டாரு. கிருஷாந்திய ஜீப்புல ஏத்திட்டேன். அப்பா ஏசுவாருன்னு இவ பயப்படுறா. நீங்களே ஒரு வார்த்த சொல்லுங்க."

"எறக்கு."

"என்னா?"

"எறக்கு ஷாமி. ஜீப்பு கெளம்பிருச்சா?"

"இன்னும் இல்ல, ரெண்டு புள்ள வரணும். என்னாத்துக்கு எறக்கணும்? எல்லாப் புள்ளயும்தானே இருக்கு."

"எல்லாத்தயும் எறக்கு. மாமாகிட்ட போனக் குடு."

போன் கை மாறுகிற நேரம் நீளமாக இருந்தது.

"சொல்லுங்க மாப்ள. கல்யாணக் காரு எப்பிடி இருக்கு?"

"மாமா, வண்டிய எடுக்காதீங்க. பிரேக் பம்பு ஒழுகுது."

"ஒழுகுதா? ஒயில் நெறயத்தானே இருக்கு. நேத்துப் பாத்தேனே."

"நான்தான் ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம ஊத்துனேன். தொடைக்க வரும்போது."

மறுபக்கத்தில் பொனட் திறக்கிற சத்தம் கேட்டது.

"எப்பருந்து ஒழுகுது?"

"நீங்க வாங்குறதுக்கு முந்தியே. எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் பூசுனேன்."

ஆண்டியப்பன் சம்பந்தமில்லாத எதையோ கேட்பது போலக் கேட்டார்: "அப்ப சந்தனம் இல்லயா?"

"இல்ல மாமா."

"அவ ரெண்டு வாரமாச் சாமிகிட்ட மன்னிப்புக் கேட்டுக்கிட்டு இருக்கா."

மூர்த்தி காரின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டார். மினுக்காத பக்கம். கையில் கரி ஒட்டியது.

"பதினாலு புள்ள ஏறி எறங்குச்சு, ஏழு வாரமா," என்றார் ஆண்டியப்பன். குரலை உயர்த்தவில்லை. "அப்பல்லாம் வாய் தெறக்கல. இன்னக்கி ஒங்க புள்ள ஏறுச்சு. தெறந்துருச்சு."

போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு அவர் சொன்னது மூர்த்திக்குத் தூரத்தில் கேட்டது: "எறங்குங்க புள்ளைங்களா. எல்லாரும் எறங்குங்க. மெதுவா."

மூர்த்தி முதலாளியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, ஹட்டன் பஸ்ஸைப் பிடித்தார். ஹட்டனில் இறங்கி, மூன்று கடை ஏறி இறங்கிப் புது மாஸ்டர் பம்ப் ஒன்று வாங்கிக்கொண்டார். தலவாக்கலையில் ஒரு மெக்கானிக்கையும் கூட்டிக்கொண்டு பின்னேரம் மேல்கணக்குக்குப் போய்ச் சேர்ந்தார். ஜீப் கோயிலுக்குப் பக்கத்தில், நாலு சக்கரத்துக்கும் கல் முண்டு கொடுத்து நின்றது. எலுமிச்சம்பழம் வைத்த அதே இடம்.

வேலை விட்டு வந்தவர்கள் லயத்து வாசல்களில் நின்றார்கள். யாரும் ஏசவில்லை. ஏசியிருந்தால் நிமிர்ந்து பார்த்திருக்கலாம்.

மெக்கானிக் பழைய பம்பைக் கழற்றினான். பூஸ்டருக்குள்ளிருந்து அரைக் கோப்பை ஒயில் வெளியே கொட்டியது. பம்பின் ரப்பர் நூலாகப் பிரிந்திருந்தது. அதை விரலில் தூக்கிக் காட்டினான்.

"எவ்வளவு நாளு தாங்கியிருக்கும்?" என்று ஆண்டியப்பன் கேட்டார்.

"அது சொல்ல முடியாது ஐயா. அடுத்த மாசம் போயிருக்கலாம். இன்னக்கிக் காலையிலயும் போயிருக்கலாம்."

ஆண்டியப்பன் தலையை ஆட்டினார். கீழே தெரிந்த ரோட்டைப் பார்த்தார். ஏழு முடக்கில் மூன்று அங்கிருந்தே தெரியும்.

புதுப் பம்ப் ஏறியது. ஒரு மிதிக்கு நின்றது. ஆண்டியப்பன் காலை எடுத்து எடுத்து மிதித்துப் பார்த்தார், நம்பாத மாதிரி. பம்பைக் கழற்றிய வேகத்தில் பூஸ்டரில் மூர்த்தி பூசிய இடம் முழுக்கப் பெயர்ந்து வந்திருந்தது. மூர்த்தி தன் பையைத் திறக்கப் போனார்.

"நாளக்கி வந்து அந்த எடத்தக் கொஞ்சம்..."

"வேணாம் பாஸ்," என்றார் ஆண்டியப்பன். "அப்பிடியே கெடக்கட்டும்."

மாப்ள என்று சொல்லாமல் அவர் பாஸ் என்றது அதுதான் முதல் தடவை. லெட்சுமி தேத்தண்ணி கொண்டுவந்தாள். மெக்கானிக்குக் கையில் கொடுத்தாள். மூர்த்தியின் கோப்பையை மதிலில் வைத்துவிட்டுப் போனாள்.

வீட்டில் ஷாமிலா அடுப்புப் பக்கம் திரும்பி நின்றாள். "பைக்குல எதுக்குக் கூட்டிட்டுப் போனீங்கன்னு இப்பத்தான் வெளங்குது," என்றாள். "அவ அழுவுறான்னு சொன்னேன். பழகிருவான்னீங்க. எனக்கு இனிமே இந்த லயத்துல யாரு மொகத்தப் பாக்க முடியும்? பீலிக்கு எப்பிடிப் போவேன், தண்ணி எடுக்க?" மறுநாள் பீலிக்கு அவரே போனார். அதற்கடுத்த நாளும்.

ஆனியில் பிரதாப் வேறொரு வேனோடு வந்தான். மூர்த்தி பொனட்டைத் திறந்து, ஒழுகல் இருந்த இரண்டு இடத்தையும் சுற்றிச் சோக்குக் கட்டியால் வட்டம் போட்டார். "இந்த ரெண்டயும் சரி பண்ணிக் கொண்டாங்க. இல்லாட்டி அத விட்டுட்டு மத்தத மட்டும் செய்றேன். வட்டம் அப்பிடியே இருக்கும்." பிரதாப் வேனைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான். திரும்ப வரவில்லை. அதை மூர்த்தி லயத்தில் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அது எதையோ ஈடுகட்டச் சொன்னது மாதிரி ஆகிவிடும்.

ஜீப் திரும்ப ஓடத் தொடங்கியது. ஆனால் ஆண்டியப்பன் ஒரு பழக்கம் கொண்டுவந்துவிட்டார். தினமும் காலையில் பிள்ளைகள் ஏறுவதற்கு முன் பொனட்டைத் திறப்பார். அன்றைக்குப் பிள்ளையை ஏற்ற வந்திருக்கிற தாய் தகப்பனில் ஒருவரைக் கூப்பிட்டு, உரிந்த தகரத்தில் விரலை வைத்துப் பார்க்கச் சொல்வார். காய்ந்திருக்கிறது என்று அவர்கள் வாயால் சொன்ன பிறகுதான் வண்டி அசையும். கொழுந்து பறிக்கப் போகிற அவசரத்திலும், கூடையை முதுகில் போட்டபடியே பெண்கள் வந்து விரல் வைத்துவிட்டுப் போனார்கள். லெட்சுமி வெள்ளிக்கிழமைப் பொட்டைத் திரும்பப் பூஸ்டரின் நெற்றியில் வைக்கத் தொடங்கியிருந்தாள்.

கிருஷாந்தி இப்போது ஜீப்பில்தான் போகிறாள். பதினைந்தாவது பிள்ளை. ஷாமிலாதான் கொண்டுபோய் ஏற்றுவாள். ஆடியில் ஒருநாள் ஷாமிலாவுக்குக் காய்ச்சல். மூர்த்தி மகளின் கையைப் பிடித்துக்கொண்டு கோயிலடிக்குப் போனார். பிள்ளைகள் ஏறின. பெற்றோர் நாலைந்து பேர் நின்றார்கள்.

ஆண்டியப்பன் பொனட்டைத் தூக்கினார். சுற்றிப் பார்த்தார். "இன்னக்கி நீங்க வாங்க, பாஸ்."

எல்லாரும் வழி விட்டார்கள். எஞ்சின் மங்கிப்போயிருந்தது. கவரில் தூசியும் எண்ணெயும் படிந்து, முகம் பார்க்க முடியாது. பூஸ்டரில் அந்த நாக்கு வடிவத்துக்கு இலேசாகச் செந்துரு ஓடியிருந்தது. அதைப் பார்த்ததும் கை வோட்டர் பேப்பரைத் தேடியது. அவருக்கே வெட்கமாக இருந்தது. விரலை மூக்குக்குக் கீழே வைத்து, ஓரம்வரைக்கும் இழுத்தார்.

"காஞ்சிருக்கு மாமா."

ஆண்டியப்பன் பொனட்டை இறக்கவில்லை. கையால் தாங்கிக்கொண்டு நின்றார்.

"இன்னொரு தடவ பாருங்க."

மூர்த்தி விரலைச் சட்டையில் துடைத்துவிட்டு, திரும்ப வைத்தார்.